எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை: 1 முதல் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அ முதல் ன வரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு 'மரம்' என்று வாசிக்கத் தெரியவில்லை. ஏன்?

ஒப்பிப்பதில் வாய்க்கும் காதுக்கும்தான் வேலை, கண்ணுக்கு அவ்வளவாக இல்லை. 'க, ங, ச, ஞ' என்று ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் 'ல' அட்டையை மட்டும் காட்டிப் பாருங்கள். உதடு அசையும்: 'ய, ர, ல...' என்று உள்ளுக்குள் வரிசையை ஓட்டித்தான் பதில் வரும். ஓர் எழுத்துக்கே இத்தனை நேரம் ஆனால், சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவிவிடும்.

இன்னொரு காரணம் எழுத்துக் கூட்டுவது. எழுத்தை அடையாளம் காண்பது ஒரு திறமை. அதன் ஒலியை அடுத்த ஒலியோடு ஒட்டிச் சொல்லாக்குவது வேறு திறமை. முதலாவதற்கு ஓராண்டு செலவழிக்கிறோம். இரண்டாவது தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். பல பிள்ளைகளுக்கு வந்தும் விடுகிறது. வராத பிள்ளைகளுக்குத்தான் கீழே சொல்லப்போகும் பயிற்சி.

எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் இந்த முறை, அதாவது ஃபோனிக்ஸ், ஆங்கிலத்துக்கு உரியதல்லவா? தமிழில் எழுதியதை அப்படியே வாசிக்கிறோமே?

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டும். அங்கே சிக்கல் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதில். தமிழில் அந்தச் சிக்கல் குறைவு, வடிவங்கள்தான் அதிகம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இப்படிப்பட்ட எழுத்துமுறையில் எல்லா வடிவங்களும் வசப்பட மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகும் என்று காட்டின. ஆகவே இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை 'நௌ'வைப் பார்த்து விழித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

247 என்று பயமுறுத்தவும் தேவையில்லை. 30 அடிப்படை எழுத்து, 11 உயிர்க்குறி (கால், கொம்பு போன்றவை), ஒரு புள்ளி. இவற்றைச் சேர்க்கத் தெரிந்தால் மிச்சத்தில் பெரும்பகுதியைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். உகர, ஊகார வரிசை மட்டும் விதிவிலக்கு, அதைப் பின்னால் பார்ப்போம். 'ங' வரிசையில் பாடப்புத்தகத்துக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 'ங்' ஒன்றே. திணறும் பிள்ளையை ஙி, ஙீ, ஙு, ஙூ எழுத வைப்பது நேர விரயம்.

பிள்ளை 'அரும்பு' நிலையில் இருப்பதாக டீச்சர் சொல்கிறார். கீழ் வகுப்புக்கு இறக்கிவிட்டார்களா?

இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. அது வகுப்பல்ல, இப்போது பிள்ளை எங்கே நிற்கிறது என்பதற்கான பெயர். டீச்சரிடம் கேட்க வேண்டியது, "எழுத்து தெரியவில்லையா, குறி தெரியவில்லையா, கூட்ட வரவில்லையா?" என்பதுதான். மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு.

அதை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

பத்து நிமிடம் போதும். பிள்ளை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு வரியாக மட்டும் காட்டுங்கள். தவறைத் திருத்தாமல், சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி, வரிசை குலைத்த எழுத்துகள்: ம, ட, ர, ப, த, க, ன, ல, ச, வ.
இரண்டாவது, குறியோடு: பா, கி, மு, தே, லை, டூ, கொ, வீ, செ, நோ.
மூன்றாவது, சொற்கள்: கல், படம், மரம், பட்டம், கப்பல், காகம், கிளி, தேள், பூனை, கொக்கு.
நான்காவது, பொருளே இல்லாத சொற்கள்: தமல், கிப்பன், மோரல், பெடுகா, லாமிச.

ஐந்தாவதைத் தாளில்லாமல் காதால் மட்டும் கேளுங்கள். "நான் 'ப...ல்' என்கிறேன், சேர்த்துச் சொன்னால் என்ன?" "'மரம்' என்பதில் கடைசியில் என்ன சத்தம் வருகிறது?" இப்படி நான்கைந்து.

முதல் வரியில் எட்டுக்குக் கீழே என்றால் எழுத்து அடையாளமே இன்னும் உறுதிப்படவில்லை. அது சரியாக இருந்து இரண்டாவதில் விழுந்தால், குறிகள். இரண்டும் சரி, மூன்றாவதில் தடுமாற்றம் என்றால், கூட்டல். மூன்றாவதைச் சரளமாக வாசித்துவிட்டு நான்காவதில் உளறினால், பிள்ளை வாசிக்கவில்லை, தெரிந்த சொற்களைப் படமாக நினைவில் வைத்திருக்கிறது. பொருளற்ற சொல்லை வைத்துச் சோதிப்பது விளையாட்டல்ல. இங்கிலாந்தில் 2012 முதல் பள்ளியின் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவைதான். காதுச் சோதனையிலேயே தடுமாறினால் எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதலில் வாய்மொழியாகச் சேர்த்துப் பிரித்து விளையாட வேண்டும்.

'க்' என்பதை 'இக்' என்று சொல்லிக்கொடுக்கலாமா?

பெயராகச் சொல்லலாம், கூட்டும்போது கூடாது. திணறும் பிள்ளைகளில் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'இக், இங், இச்' என்று படித்த பிள்ளை 'பல்' என்பதை 'ப, இல்' என்று கூட்டும். சேர்த்தால் 'பயில்' என்றுதானே வரும்? 'அம்மா' என்பது 'அ, இம், மா' ஆகும். பிள்ளை செய்தது சரி, நாம் கொடுத்த சரக்கில்தான் கோளாறு.

மெய்யெழுத்தைத் தனியாக ஒலிக்கவே வைக்காதீர்கள். முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள்: பல், கல், மல். பம், கம், தம். 'புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளும்' என்று சொன்னால் ஆறு வயதுக்குப் புரியும். பென்சிலால் அந்த இரண்டு எழுத்துக்கும் அடியில் ஒரு வளைவு போடுங்கள். 'கப்பல்' என்பதில் 'கப்' அடியில் ஒரு வளைவு, 'பல்' அடியில் ஒரு வளைவு. நான்கு எழுத்துச் சொல் இரண்டே துண்டாகிவிடும். 'பட்டம்', 'பக்கம்', 'கம்பம்' எல்லாம் இதே கதை.

தொடக்கத்துக்கு ம், ல், ன், ர் நல்லவை. இவற்றை 'ம்ம்ம்' என்று இழுக்கலாம், இழுத்தால் ஒட்டுவது எளிது. வல்லின மெய்யை இழுக்க முடியாது. ஆனால் ஒரு வசதி: ஒரு சொல்லுக்குள் க், ச், த், ப் வந்தால் அடுத்து அதே எழுத்துதான் வரும் (பக்கம், பச்சை, பத்து, உப்பு). ட், ற் மட்டும் 'நட்பு', 'முயற்சி' என்று வேறு எழுத்தோடும் சேரும். அப்படி வேறு எழுத்தோடு சேரும் சொற்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சந்தியில் வரும் ஒற்றும் தொல்லை தரும். 'வீட்டுக்குப் போனாள்' என்பதில் பிள்ளை 'ப்' வந்ததும் நின்றுவிடும். தொடக்க வரிகளில் இப்படிப்பட்ட தொடர்களைத் தவிர்ப்பது நல்லது.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது?

அகர வரிசை அகராதி பார்க்க உதவும், வாசிக்கக் கற்க அல்ல. அ, ஆ, இ, ஈ என்று 12 உயிரையும் முடித்தாலும் 'ஆ', 'ஈ' போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர வாசிக்க அவ்வளவாக எதுவும் கிடைக்காது. ப, ட, ம, க, ல என்ற ஐந்தையும் புள்ளியையும் எடுத்துக்கொண்டால் படம், மடம், கல், பல், கடல், மடல், பகல், பட்டம், கட்டம், பக்கம், கம்பம், கப்பல், கம்மல், கலகம் என்று முதல் இரண்டு வாரத்திலேயே பிள்ளை வாசிக்கும். வாசிக்கிறோம் என்ற தெம்பு அப்போதே வந்துவிட வேண்டும்.

பிறகு ர, த, வ, ன, ச. அடுத்து துணைக்கால்: பால், கால், காகம், பாடம், மாமா, தாத்தா. அதன்பின் இகரக் குறி (படி, மடி, பசி), ஈகாரம், உகரம், கொம்பு வகை என்று போகலாம். வாரத்துக்கு ஒரு புதுக் குறி போதும். ஒரே நாளில் கி, கீ இரண்டையும் அறிமுகப்படுத்தினால் இரண்டும் குழம்பும். முதல் குறி உறுதிப்பட்டபின் இரண்டாவதைக் கொண்டுவந்து, அப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு நாள் பாடம் எப்படி இருக்க வேண்டும்?

20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ஒரு குழுவில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது.

முதல் 3 நிமிடம், முன்பு படித்த எழுத்தட்டைகளைக் கலைத்துப் போட்டு வேகமாகக் காட்டுவது. அடுத்த 3 நிமிடம் காதுக்கு: நீங்கள் பிரித்துச் சொல்ல, பிள்ளை சேர்த்துச் சொல்லும். பிறகு 5 நிமிடம் புதுக் குறி. குறியைத் தனி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'ா' அட்டையை 'க' பக்கத்தில் நகர்த்தினால் 'கா', 'ப' பக்கத்தில் நகர்த்தினால் 'பா'. பிள்ளையின் கையாலேயே நகர்த்தட்டும். அதன்பின் 6 நிமிடம் வாசிப்பு: எட்டு முதல் பத்துச் சொல், இரண்டு குட்டி வாக்கியம். அதில் இதுவரை சொல்லிக்கொடுக்காத எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதைக் கறாராகப் பாருங்கள். 'பாப்பா பாடம் படி' என்ற வரி பார்க்கச் சப்பென்று இருக்கும், ஆனால் ப, ட, ம, துணைக்கால், இகரக் குறி தெரிந்த பிள்ளை அதை யார் உதவியும் இல்லாமல் வாசித்து முடிக்கும். கடைசி 3 நிமிடம், நீங்கள் சொல்லச் சொல்ல மூன்று சொல் எழுதுவது. இதை விட்டுவிடாதீர்கள். வாசிக்கும்போது மறைந்துகொள்ளும் ஓட்டையெல்லாம் எழுதும்போது வெளியே வந்துவிடும்.

பார்த்து எழுதுவது, அதாவது 'லை' என்று ஒரு பக்கம் நிறைய எழுதுவது, கையெழுத்துக்கு நல்லது. வாசிப்புக்கு ஏறக்குறைய பயனில்லை. பத்தாவது வரியில் பிள்ளை 'லை' எழுதவில்லை, கோடு கோடாக வரைந்துகொண்டிருக்கிறது.

கெ, கே, கை, கொ, கோ வந்தாலே குழம்புகிறது.

குழம்பத்தான் செய்யும். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது க். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது, நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகிய பிள்ளை 'கொ'வை 'கெ' என்று தொடங்கி, கடைசியில் காலைப் பார்த்து 'கெகா' என்று ஏதோ சொல்லி முடிக்கும்.

மூன்று அட்டை வையுங்கள்: கொம்பு, 'க', கால். கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தி, அதையும் தாண்டிக் கால் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் சொல்ல வேண்டும். இந்த விரல் நகர்வை ஒரு வாரம் கட்டாயமாக்குங்கள். கொம்பு மட்டும் என்றால் கெ, கால் இருந்தால் கொ. இது பழகியபின் இரட்டைக் கொம்பு: கே, கோ. குறில் நெடில் வேறுபாட்டைச் சொற்களால் பழக்குங்கள்: பெண், பேன், கொடி, கோடி, தெரு, தேர். 'கை' தனி வடிவம் என்பதால் அதிகம் தொல்லை தராது. ஔகாரம் கடைசியில் வரட்டும். அதன் பின்குறி 'ள' போலவே இருப்பதால், 'வௌவால்' மாதிரி ஒன்றிரண்டு சொல்லை முழுசாகக் காட்டிவிட்டுக் கடந்து போகலாம்.

உகர வரிசைக்கு விதியே இல்லையா?

தனிக் குறி இல்லை, ஆனால் குடும்பங்கள் உண்டு. 18-ம் மூன்று கூட்டமாகப் பிரியும். அடியில் வளைந்து சுற்றுவது: கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே கோடு இறங்குவது: சு, பு, யு, வு, ஙு. அடியில் சுழித்து வலப்பக்கம் ஏறுவது: து, நு, லு, று, னு, ணு, ஞு. ஒரு கூட்டம் முடிந்த பிறகே அடுத்தது. தமிழில் எண்ணற்ற சொற்கள் உகரத்தில் முடிகின்றன (வீடு, மாடு, காது, பாட்டு). எனவே இதற்குக் கூடுதலாக இரண்டு வாரம் ஒதுக்கினால் நட்டமில்லை. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் தத்தம் கூட்டத்தைவிட்டு விலகி நிற்கும், அவற்றைத் தனியாகக் காட்டுங்கள்.

இன்னொன்று: தாத்தா பாட்டி எழுதிக்காட்டும் 'னை', 'லை', 'ணா', 'றா' பழைய வடிவத்தில் இருக்கலாம். 1978-இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. திணறும் பிள்ளைக்கு இப்போதைக்குப் பள்ளி வடிவம் ஒன்றே போதும்.

'க' ஒன்றுக்கே பல சத்தம். அதை எப்படி விளக்குவது?

கடல், தங்கம், அகம், பக்கம். நான்கிலும் க ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல்லின் முதலிலும் இரட்டித்தாலும் வன்மை, மெல்லினத்துக்குப் பின்னும் இரண்டு உயிருக்கு நடுவிலும் மென்மை. ட, த, ப-வுக்கும் இப்படியே. இதை விதியாகச் சொல்லாதீர்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையின் வாய் தானாகவே திருத்திக்கொள்ளும், சொல் தெரிந்திருந்தால். 'தங்கம்' என்பதை அழுத்தமான 'க'வோடு வாசித்தால், "அப்படி ஒரு சொல் கேட்டிருக்கிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு மட்டும் 'ங்க', 'ஞ்ச', 'ண்ட', 'ந்த', 'ம்ப' என்ற ஐந்து இணைகளை அட்டையாகவே பழக்கலாம்.

'இலை' என்று கூட்டிவிட்டு, அது என்ன என்று தெரியாமல் விழிக்கிறாள்.

அவள் பேசுவது 'எல'. 'தலை' அவளுக்குத் 'தல', 'குடை' 'கொட', 'உடம்பு' 'ஒடம்பு', 'தண்ணீர்' 'தண்ணி'. சரியாகக் கூட்டிய பிறகும் அந்த ஒலி அவளுடைய சொல்லோடு போய்ச் சேரவில்லை. இதைப் பொருள் தெரியாமை என்று எடுத்துக்கொண்டு அகராதிப் பொருள் சொல்லத் தொடங்குவது வீண். "புத்தகத்துல இலைன்னு எழுதுவாங்க, நாம எலன்னு சொல்லுவோம்" என்று ஒருமுறை சொன்னால் பளிச்சென்று பிடித்துக்கொள்வாள். எழுதும்போது 'தல' என்று எழுதுவதும் இதே காரணத்தால்தான். அவள் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

முதல் சில வாரத்துக்குப் பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகும் சொற்களாகப் பொறுக்கிக் கொடுங்கள்: கல், பால், படி, காது, வீடு, மாடு. ஐகாரத்தில் முடிபவை பிறகு வரட்டும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: 'எல' என்று சொன்னதற்காகத் திட்டுவது. அது பிழையல்ல, பேச்சு.

ண, ந, ன, ல, ள, ழ, ர, ற. எப்போது?

வாசிப்புக்கு இவை பெரிய தடையே அல்ல. 'பள்ளி'யை 'பல்லி' என்று உச்சரித்தாலும் பொருள் புரிந்து அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். எழுதுவதில்தான் சிக்கல், அது மூன்றாம் வகுப்பில் தீரட்டும். ல அறிமுகமான வாரத்தில் ள-வைக் கொண்டுவராமல் இடைவெளி விடுங்கள்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லிவிடுகிறான்.

நாயின் படத்துக்குக் கீழே 'குட்டி' என்றிருந்தால் 'நாய்' என்பான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு முதலில் சொல், பிறகு படம் என்ற ஒழுங்கைக் கொண்டுவாருங்கள். "படத்தப் பாத்துச் சொல்லு" என்று நாமே உதவுவதை நிறுத்தினால் பாதிப் பழக்கம் போய்விடும்.

கூட்டி வாசிக்கிறாள், ஆனால் ஆமை வேகம். வாக்கியம் முடியும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது.

கூட்டல் வந்துவிட்டது, இனி தேவை பழக்கம். ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றை எடுத்து, ஒரே நாளில் மூன்று முறை வாசிக்கச் செய்யுங்கள். முதல்முறை நீங்கள் வாசிக்க அவள் விரல் வைத்துப் பின்தொடரட்டும், இரண்டாவது இருவரும் சேர்ந்து, மூன்றாவது அவள் தனியாக. மறுநாள் அதே பத்தியில் தொடங்கிப் புதியதற்குப் போங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற இலக்குகளைத் தமிழில் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொல் ஆகும். நீண்ட வினைகளை 'போய்க் / கொண்டு / இருந்தார்கள்' என்று பிரித்து வாசித்துப் பின் சேர்க்கட்டும்.

ஆங்கிலமும் கூடவே நடக்கிறது. நிறுத்தலாமா?

பள்ளியில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஒன்றில் எழுத்துக் கூட்டக் கற்றால் மற்றொன்றில் அந்த வேலை எப்படி என்பது புரிந்துவிடும். ஒரே நாளில் இரண்டிலும் புது எழுத்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்கே அவ்வளவாக வாசிக்கத் தெரியாது. வீட்டில் என்ன செய்ய?

காதுப் பயிற்சி முழுவதும் உங்களால் முடியும். 'கா' என்று தொடங்கும் சொல் மூன்று சொல்லச் சொல்லுங்கள். 'கப்...பல்' என்று பிரித்துச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். விடுகதை, கதை, பாட்டு எல்லாம் இதற்கு உதவும். பஸ் போர்டு, கடைப் பலகை, மாவுப் பாக்கெட் இவற்றில் தெரிந்த எழுத்தைத் தேடச் சொன்னால் அதுவே பாதி வகுப்பு.

எப்போது டாக்டரிடமோ நிபுணரிடமோ போக வேண்டும்?

முதலில் காதும் கண்ணும். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோக்கும் பிள்ளைக்கு 'ட', 'த' வேறுபாடே சரியாகக் கேட்காமல் இருக்கலாம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரியலாம். இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

அவை சரியாக இருந்து, மூன்று மாதம் நாள்தோறும் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த பின்னும் அதே பத்து எழுத்தில் பிள்ளை தடுமாறினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பீடு செய்ய வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருந்தால் இன்னும் முன்னதாகவே போகலாம். ஒன்றாம் வகுப்பில் எழுத்தைத் திருப்பி எழுதுவது மட்டும் இதற்கு அடையாளமல்ல, நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதுவதுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (Specific Learning Disability) என்பதையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே மதிப்பீட்டுச் சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பள்ளியில் கேட்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்றே இயங்குகிறது. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமோ கேட்டுத் தொடங்கலாம். போகும்போது மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையின் தாளையும், பிள்ளை கேட்டு எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அவற்றிலிருந்து அவர்களுக்கு அதிகம் தெரியவரும்.